நடந்தே வா, கனேலா!

விகான் நகரத்தில் ஒரு குதிரைவண்டிக்காரன் நடுத்தெருவில் நடந்து போனால் இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, வண்டியை விற்றிருப்பான். இல்லையென்றால் பெண்டாட்டி அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போயிருப்பாள்.

போரோ நடந்தான். பக்கத்தில் குதிரையும் நடந்தது. வண்டி வீட்டில் பத்திரமாக இருந்தது. பெண்டாட்டி சாரிங்கும் வீட்டில் பத்திரமாக இருந்தாள். ஆகவே ஊர் மூன்றாவதாக ஒரு காரணத்தைத் தானே கண்டுபிடித்துக்கொண்டது: ஆளுக்கு மூளை கலங்கிவிட்டது.

"மனோங் போரோ!"

ஊர் நடுச் சதுக்கமான பிளாசாவில் வரிசை கட்டி நின்ற வண்டிகளில் முதல் வண்டியிலிருந்து குரல் வந்தது. வெனான். வயதில் சின்னவன், வாயில் பெரியவன். 'மனோங்' என்று மரியாதையாக அண்ணன் முறை வைத்துவிட்டுத்தான் காலை வாருவான்.

"குதிரையை நீங்க கூட்டிட்டுப் போறீங்களா மனோங், இல்ல குதிரை உங்களைக் கூட்டிட்டுப் போகுதா?"

"ரெண்டு பேருமா பொண்ணு பார்க்கப் போறோம்டா. உன் குதிரைக்கு."

"என் குதிரைக்கு நடக்கிற பொண்ணு வேணாமாம். ஓடுற பொண்ணா பார்க்கச் சொல்லுது!"

வரிசை மொத்தமும் சிரித்தது. போரோவும் சிரித்து வைத்தான். காது மட்டும் சூடாகிவிட்டது. போன வருஷம்வரை அந்த வரிசையில் எந்த வண்டியும் தாண்டாத வண்டி அவனுடையது.

அவனுக்கு முழுப்பெயர் தெலெஸ்போரோ. ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியாரைத் தவிர யாருக்கும் அது ஞாபகம் இல்லை. குதிரையின் பெயர் கனேலா. லவங்கப்பட்டை நிறத்தில் மினுங்கும் பெண் குதிரை. அவளை 'அது' என்று போரோ சொல்லி யாரும் கேட்டதில்லை. நாமும் சொல்ல வேண்டாம்.

நவம்பரில், கல்லறைத் திருநாள் கூட்டத்தில்தான் அந்த விபத்து. சந்திலிருந்து ஒரு மோட்டார் ட்ரைசிக்கிள் பீரங்கிக் குண்டு மாதிரி பாய்ந்தது. ஒதுங்கப்போன கனேலாவின் இடது முன்னங்கால், கல் பாவிய தெருவில் வழுக்கியது. விழாமல் சமாளித்துவிட்டாள். அப்படிச் சமாளித்ததில்தான் தசைநார் போனது.

கால்நடை டாக்டர் அரசெலி வந்து, மண்டியிட்டு, கட்டைவிரலால் காலின் பின்பக்கத்தை மேலிருந்து கீழே நீவிப் பார்த்தாள்.

"இங்க பாருங்க மனோங். எலும்புக்குப் பின்னாடி ஒரு வாழைப்பழத்தை ஒட்டிவச்ச மாதிரி இல்ல?"

"இருக்கு டொக்தோரா. சரியாயிடுமா?"

"ஆகும். அவசரப்படுத்தினா ஆகாது. மறுபடி அதே இடத்துல விட்டுச்சுன்னா..."

  அதே நேரத்தில் இறைச்சிக்காரனின் பச்சை லாரி கொட்டகை வாசலில் வேகத்தைக் குறைத்து, உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்தது. எந்த வீட்டில் குதிரை நொண்டினாலும் அந்த இறைச்சிக்காரனுக்கு எப்படியோ மூக்கில் வியர்த்துவிடும்.

போரோ அன்றைக்கு இரண்டு விஷயங்களை முடிவு செய்தான். அந்த லாரி இன்னொரு முறை தன் வாசலில் நிற்கக் கூடாது. மே மாதம் மச்சினி மிண்டாவின் கல்யாணம். மணப்பெண் வண்டியைக் கனேலாதான் இழுக்க வேண்டும். விபத்துக்கு முன்னாலேயே கொடுத்த வாக்கு அது.

இரண்டும் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும் என்பது அப்போது அவனுக்குத் தோன்றவில்லை.

*

முதலில் வெறும் ஓய்வு. விடிந்ததும் கனேலாவைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய் முழங்கால் ஆழத்தில் நிறுத்துவான். அலை வந்து காலைத் தடவிவிட்டுப் போகும். கனேலா காதைத் தொங்கப்போட்டு, வெந்நீர்க் குளியலில் உட்கார்ந்த மகாராணி மாதிரி கண்ணை மூடிக்கொள்வாள். குளிரில் பல் கிட்டித்து நின்றது போரோதான்.

பிறகு நடை. வண்டி கிடையாது, சேணம் கிடையாது, வெறும் கயிறு. முதலில் தெருமுனைவரை. அடுத்து பிளாசாவரை. அப்புறம் ஆற்றுப் பாலம்வரை. புல்தரை பள்ளம் மேடாக இருக்கும், கால் மடங்கும். அதனால் கெட்டித் தரையில், நேர்கோட்டில், அவசரமில்லாமல். பிளாசாவில் பப்பாளிப் பூரணம் வைத்து எம்பனாடாப் பலகாரம் சுடுகிற கடைக்காரி பச்சைப் பப்பாளித் தோலைக் கனேலாவுக்கென்றே ஒதுக்கி வைத்தாள். அந்தக் கடை வந்தால் நோயாளியின் கால் தானாக நிற்கும்.

தினமும் காப்பிக்கு முன்னால் கால். அதுதான் சட்டம். போரோ குனிந்து இரண்டு முன்னங்காலையும் இரண்டு கைகளால் ஒரே நேரத்தில் பிடிப்பான். இரண்டும் ஒரே குளிர்ச்சியாக இருந்தால் நடை, பிறகு காப்பி. இடது கால் ஒரு பொட்டு கதகதப்பாக இருந்தாலும் நடை கிடையாது. அன்றைக்கு அவனுக்குக் காப்பியும் இறங்காது.

அந்த மாதங்களில் பிழைப்புக்கு என்ன செய்தான் என்று கேட்பீர்கள். வெட்கக்கேடு. ட்ரைசிக்கிள் ஓட்டினான்! மைத்துனன் ஒருவனுடைய வண்டியை அரைநாள் வாங்கி, தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, குதிரைவண்டி நிற்கிற தெருக்களை எல்லாம் சுற்றிவிட்டு ஓட்டினான். வெனான் கண்ணில் ஒரே நாளில் பட்டுவிட்டான்.

"மனோங்! உங்க புதுக் குதிரை சூப்பர்! என்ன திங்குது, பெட்ரோலா?"

"உன் பேச்சுதான்டா. ஓசியில கிடைக்குது."

பிப்ரவரியில் டாக்டர் அடுத்த கதவைத் திறந்தாள். "சேணம் போடலாம். வண்டி வேண்டாம். பின்னாடி ஒரு பழைய டயரைக் கட்டி இழுக்க விடுங்க. இழுக்கிற பழக்கம் உடம்புக்குத் திரும்பணும். வாருக்கு அடியில தோல் குழந்தைத் தோல் மாதிரி ஆகியிருக்கும், உரசினா புண்ணாகும். அதைக் கவனிங்க."

போரோ ஒரு வாரம் முன்னாலிருந்தே கொய்யா இலையைக் கொதிக்கவைத்த தண்ணீரை ஆறவைத்து, பட்டை படும் இடமெல்லாம் துடைத்துத் தயார்ப்படுத்தினான். டயரைக் கட்டினான். குயவர்கள் ஜாடி காயவைக்கிற மைதானம் சமதரையாக இருக்கும், அங்கே கூட்டிப்போனான்.

"நட, கனேலா. மெதுவா."

கனேலா ஒரு அடி வைத்தாள். இரண்டு அடி வைத்தாள். டயர் பின்னால் 'சர்' என்று உரசியது.

அடுத்த வினாடி போரோவின் கையில் கயிறு இல்லை.

பீப்பாய் பீப்பாயாகக் காய்ந்துகொண்டிருந்த ஜாடி வரிசைகளுக்கு நடுவே கனேலா பாய்ந்தாள். வால் கொடி மாதிரி நின்றது. டயர் ஆகாயத்தில் ஒரு முறையும் தரையில் ஒரு முறையுமாகத் துள்ளிக்கொண்டு பின்னால் போனது. குயவர் ஒருவர் கையில் இருந்த களிமண்ணை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "மாதாவே!" என்று உட்கார்ந்துவிட்டார். முதல் வரிசை, இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை... கடைசியில் சூளைச் சுவர் குறுக்கே வந்ததால் நின்றாள். திரும்பி, 'பார்த்தாயா என் வேகத்தை?' என்கிற மாதிரி போரோவைப் பார்த்துக் கனைத்தாள்.

ஒரு ஜாடிகூட உடையவில்லை. போரோ ஓடிப்போய்க் காலைப் பிடித்தான்.

சூடு.

*

கொட்டகைக்குத் திரும்பியதும் அவன் முதலில் மோந்து பார்த்தது தண்ணீர் வாளியை.

"சாரிங்! வாளியில என்ன வாசனை?"

"என்ன வாசனை? தண்ணி வாசனை."

"தண்ணிக்கு ஈ மொய்க்குமா?"

சாரிங் முந்தானை இல்லாத கவுனின் ஓரத்தைத் திருகினாள். குட்டு உடைந்தது. கரும்பு விளைகிற அந்த ஊரில் குதிரையிடம் பாசம் காட்ட எல்லோருக்கும் தெரிந்த ஒரே வழி, தவிட்டுத் தண்ணீரில் கரும்புப்பாகு கலந்து வைப்பது. நாள் முழுக்கக் கல்தெருவில் வண்டி இழுக்கிற குதிரைக்கு அது ரத்தம். சும்மா நிற்கிற குதிரைக்கு அது வெடிமருந்து. கனேலா படுத்த நாளிலிருந்து சாரிங் அளவைக் குறைக்கவில்லை. பரிதாபப்பட்டு ஒரு கரண்டி கூட்டியிருந்தாள்.

"உடம்பு சரியில்லாதவளுக்குச் சாப்பாட்டைக் குறைப்பாங்களா? நீ காய்ச்சல்ல படுத்தப்போ நான் உனக்குக் கஞ்சியை நிறுத்தினேனா?"

"எனக்கு நீ கஞ்சி குடுத்தே. அவளுக்கு ராக்கெட்டுக்கு எண்ணெய் ஊத்தியிருக்கே!"

"கத்தாதே. அவ பயப்படுறா."

"அவளா பயப்படுறா? அந்தக் குயவரைப் போய்க் கேளு யாரு பயந்தாங்கன்னு!"

டாக்டர் வந்தாள். நீவினாள். யோசித்தாள். இரண்டு பேரும் குற்றவாளிக் கூண்டில் நிற்கிற மாதிரி நின்றார்கள்.

"தசைநார் விடலை. கோவிச்சுக்கிட்டிருக்கு, அவ்வளவுதான். பாகை நிறுத்துங்க. புல்லு, வைக்கோல், தண்ணி. பாகு வேலைக்குத்தான், பாசத்துக்கு இல்ல. மறுபடி கடல்லேர்ந்து ஆரம்பிங்க."

"மறுபடியுமா? டொக்தோரா, மே மாசம் கல்யாணம்..."

"காலுக்குக் காலண்டர் பார்க்கத் தெரியாது மனோங்."

அன்றிலிருந்து சாரிங் கட்சி மாறினாள். கனேலாவுக்கு யாராவது ஒரு துண்டுக் கரும்பை நீட்டினால்கூடத் துடைப்பத்தோடு வந்துவிடுவாள். போரோ மறுபடி கடலில் நின்று நடுங்கினான். மறுபடி கயிறு, மறுபடி நடை, மறுபடி பிளாசா, மறுபடி வெனான்.

"என்ன மனோங், ஒண்ணாங்கிளாஸ்ல ஃபெயிலா?"

"ஆமாண்டா. உன் பக்கத்து பெஞ்சு காலியா இருந்துச்சு, விட்டுப்போக மனசில்ல."

இந்த முறை டயர் சமர்த்தாகப் பின்னால் வந்தது. அடுத்து காலி வண்டி. பாலத்துக்குப் போய்த் திரும்பும்போது கனேலாவின் காது இரண்டும் முன்னால் நிமிர்ந்திருந்ததை போரோ கவனித்தான். வேலைக்குப் போகிறவளின் காது அது. சக்கரச் சத்தம் கேட்டு மகிழ்கிற குதிரை உண்டா என்று கேட்டால், அந்தக் காதைக் காட்டிச் சத்தியம் செய்வான். பிறகு அவன் ஏறி உட்கார்ந்தான். பிறகு சாரிங் ஏறினாள். முதல் பயணி.

"எவ்வளவு தூரம் போகணும் மேடம்?"

"உங்க குதிரைக்கு எவ்வளவு தூரம் பிடிக்குமோ அவ்வளவு தூரம். பேச்சைக் குறைச்சுட்டு ஓட்டு."

கல்யாணத்துக்கு முன்வாரம் டாக்டர் தீர்ப்புச் சொன்னாள்.

"உங்களைச் சேர்க்காம ரெண்டு பேர். சமதரை. நடை மட்டும், ஓட்டம் கூடாது. கோயிலுக்கு ஏறுற ஏத்தத்துல ஒரே ஆள்."

"இறக்கத்துல?"

"இறக்கத்துல ஒருத்தரும் வேண்டாம்."

போரோவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. இரண்டு சக்கர வண்டி ஒரு தராசு. பயணிகள் பின்னால் சாய்ந்தால் பின்பாரம். ஏர்க்கால் தூக்கிக்கொண்டு வயிற்றுப்பட்டை குதிரையை இறுக்கும். முன்னால் நகர்ந்தால் முன்பாரம். சுமை குதிரையின் முதுகில் இறங்கும். 'கொஞ்சம் முன்னே வாங்க, கொஞ்சம் பின்னே தள்ளுங்க' என்று சொல்லிச் சொல்லித்தான் வண்டிக்காரன் வாயே தேய்கிறது. இறக்கத்தில் எங்கே உட்கார்ந்தாலும் எல்லாம் முன்பாரம்தான். மொத்தமும் அந்த இரண்டு முன்னங்காலில். அதில் ஒன்று இடது கால்.

மிண்டாவிடம் சொன்னான். அவள் சிரித்தாள். "அவ்வளவுதானே மனோங்? கோயில்லேர்ந்து இறக்கம் முடியிறவரைக்கும் செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு நடந்து வர்றேன். கீழே சமதரையில ஏறிக்கிறோம்."

எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. மாப்பிள்ளை ஜோவென்னுக்கு, பேண்டு வாத்தியக்காரர்களுக்கு, போட்டோக்காரனுக்கு.

நினாங் பசிலிசாவுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

*

பசிலிசா அம்மையார் ஊரில் பாதிப் பேருக்கு நினாங், அதாவது ஞானத்தாய். நகரத்தின் பாதிப் பன்றித் தொத்திறைச்சி அவர் கடையில் தயாராவது. அதில் கணிசமான பங்கை அவரே பரிசோதித்துப் பார்ப்பார் என்று பேச்சு. பார்த்தால் நம்பலாம். அன்றைய கல்யாணத்துக்கும் அவர்தான் முதல் நினாங். வண்ணத்துப்பூச்சிக் கை வைத்த ஊதாப் பட்டுக் கவுன், முத்துப் பதித்த விசிறி, ஊன்றுகோல்.

காலையில் ஏற்றம் பிரமாதமாக நடந்தது. வெள்ளைப் பூவைப் பிடரியில் சூடிக்கொண்டு, மிண்டாவை மட்டும் ஏற்றிக்கொண்டு, கனேலா நிதானமாக மேலே ஏறினாள். சாலை ஓரத்தில் நின்றவர்கள் கைதட்டினார்கள். கோயில் வாசலில் போரோ இறங்கிக் காலைத் தொட்டான். குளிர்ச்சி. நெஞ்சுக்குள் ஒரு பேண்டு வாத்தியம் வாசித்தது.

பூசை நேரத்தில் மணமக்கள் தோளில் பட்டுக் கயிறு சுற்றிவிடும் பொறுப்பு போரோவுக்கு. அவன் உள்ளே போயாக வேண்டும். குதிரையை யாரிடம் விடுவது? வெளியே இருந்தது விருந்தாளியாக வந்த வெனான். வாய்தான் அப்படியே தவிர, குதிரை விஷயத்தில் கை சுத்தம்.

"டேய், யாரையும் கிட்ட விடாதே."

"ஈயைக்கூட விடமாட்டேன் மனோங்."

ஈயை விடவில்லை. உண்மைதான்.

கயிறு சுற்றியாகிவிட்டது, ஆசீர்வாதம் முடிந்தது, மணி அடித்தது. அரிசியும் பூவும் மழையாகக் கொட்ட மணமக்கள் வெளியே வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் ஓடி வந்த போரோ படியிலேயே நின்றுவிட்டான்.

வண்டிக்குள் ஊதா நிறத்தில் ஒரு மலை இருந்தது. மலை விசிறிக்கொண்டிருந்தது.

"வெனான்!"

"நான் என்ன பண்ணுவேன் மனோங்?" வெனான் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "முழங்கால் வலி, உட்காரணும்னாங்க. 'ஏத்திவிடுடா'ன்னாங்க. எனக்கும் அவங்கதான் நினாங்!"

போரோ வண்டியருகே போனான். தொப்பியைக் கழற்றினான்.

"நினாங்... கொஞ்சம் இறங்கணும். கனேலாவுக்கு இப்பத்தான் கால் தேறியிருக்கு. இறக்கத்துல பாரம் கூடாதுன்னு டொக்தோரா சொல்லியிருக்காங்க."

விசிறி நின்றது. கூட்டமும் நின்றது.

"இறங்கணுமா? போரோ, என்னை மேல ஏத்த நாலு பேர் சேர்ந்தாங்க. அதை இந்த ஊரே வேடிக்கை பார்த்துச்சு. இறக்கறதுக்கு எத்தனை பேர் வேணும்னு நினைக்கிறே? அதையும் காட்சிக்கு வைக்கணுமா?"

"ஒரு சின்ன இறக்கம்தானே போரோ," என்றது ஒரு குரல். "மெதுவா ஓட்டினா ஒண்ணும் ஆகாது," என்றது இன்னொன்று. "நல்ல நாள் அதுவுமா நினாங்கை இறக்கிவிடுவாங்களா?" என்றது மூன்றாவது.

போரோ இறக்கத்தைப் பார்த்தான். சின்ன இறக்கம்தான். ஒரு பாட்டு வாசித்து முடிப்பதற்குள் கீழே போய்விடலாம். நூற்றுக்குத் தொண்ணூறு, ஒன்றும் ஆகாது. மீதிப் பத்தில் அந்தப் பச்சை லாரி நின்றது.

கனேலா தலையைத் திருப்பி அவன் தோளில் மூக்கை வைத்தாள். போகலாமா என்று கேட்டாள். போ என்று அவன் சொன்னால் போயிருப்பாள். அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

போரோ குனிந்தான். நெஞ்சுப்பட்டையின் கொக்கியைக் கழற்றினான்.

"என்ன பண்றே நீ?" சாரிங் கூவினாள்.

 இந்தப் பக்க வார், அந்தப் பக்க வார், வயிற்றுப்பட்டை.  கடைசிக் கொக்கி விடுபட்டதும் கனேலாவை ஏர்க்காலுக்கு வெளியே நடத்தினான்.

அங்கேதான் ஒரு விஷயத்தை மறந்துவிட்டான். வண்டி ஒரு தராசு. பின்தட்டில் நினாங். முன்தட்டில் இப்போது யாருமில்லை.

ஏர்க்கால் இரண்டும் வானத்தைப் பார்த்து எழும்பின. "ஆஆஆ!" என்றார் நினாங். ஊதாக் கவுனுக்கு மேலே இரண்டு வெள்ளைச் செருப்புகள் தெரிந்தன.

"பிடிடா வெனான்!"

வெனான் தாவி ஏர்க்காலைப் பிடித்தான். அவன் கால் இரண்டும் தரையை விட்டுக் கிளம்பி, ஞாயிற்றுக்கிழமை துவைத்துக் காயப்போட்ட கால்சட்டை மாதிரி ஆடின. மாப்பிள்ளை ஜோவென் ஓடிப்போய் மறுபக்கம் தொங்கினான். வண்டி மெல்ல இறங்கிச் சமநிலைக்கு வந்தது.

"விட்டுராதே," என்றான் போரோ. "நீ ஏத்தின பாரம்தானேடா? நீயே இழு."

 பிறகு வண்டிக்குள்ளிருந்து ஒரு குலுங்கல் கேட்டது. நினாங் அழுகிறாரோ என்று எல்லோரும் பதறினார்கள். நினாங் சிரித்துக்கொண்டிருந்தார். வயிறு குலுங்க, வண்டி குலுங்க, ஏர்க்காலில் தொங்கிய இரண்டு பேரும் குலுங்கச் சிரித்தார்.

"என் முழங்காலுக்கும் டாக்டர் இதேதான் சொன்னார். சமதரையில நட, படியேறாதே, தின்கிறதைக் குறைன்னு. நான் கேட்கலை. உன் குதிரையாவது கேட்கட்டும்." ஊன்றுகோலை உயர்த்தினார். "இங்க எவனெவன் நான் ஞானஸ்நானத்துக்குத் தூக்கின பயலோ, எல்லாரும் வாங்கடா! நான் உங்களைத் தூக்கினேன். இப்ப நீங்க என்னைத் தூக்குங்க!"

கூட்டத்தில் பாதி, பிளாசா வண்டிக்காரர்கள் உட்பட, முன்னால் வந்தது. நாலு பேர் ஏர்க்காலில். பந்தலிலிருந்து கயிற்றை அவிழ்த்து வண்டியின் பின்னால் கட்டி, பத்துப் பேர் பிரேக். முன்பாரம் போதவில்லை என்று மிண்டா வெள்ளைக் கவுனைச் சுருட்டிக்கொண்டு வண்டிக்காரன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கடிவாளம் இல்லாத குறைக்கு மாப்பிள்ளையின் கழுத்துப்பட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"போகலாமா மனோங்?"

"நடை மட்டும்! ஓட்டம் கூடாது!" என்றான் போரோ.

வெனான் கழுத்தை நிமிர்த்திக் கனைத்தான். தத்ரூபமான கனைப்பு. பேண்டு வாத்தியம் பிய்த்துக்கொண்டு கிளம்பியது.

விகானில் எத்தனையோ கல்யாண ஊர்வலம் போயிருக்கிறது. வண்டிக்காரர்களே வண்டியிழுத்த ஊர்வலம் அதுதான். "இந்தப் பக்கக் குதிரை நொண்டுது!" என்று ஒருவன் கத்தினான். "அதுக்குப் பாகு வைக்கலை!" என்றான் இன்னொருவன். நினாங் இரண்டு பக்கமும் விசிறியை ஆட்டிக் கும்பிடு வாங்கிக்கொண்டே வந்தார். பின்னால் கயிற்றைப் பிடித்தவர்கள் பளபளக்கும் காலணியில் சறுக்கிக்கொண்டே வந்தார்கள்.

எல்லோருக்கும் பின்னால் போரோவும் கனேலாவும். முதுகில் ஒரு நூல் பாரம்கூட இல்லை. தன் வண்டியை மனிதர்கள் இழுத்துக்கொண்டு போகிறதைப் பார்த்துக் கனேலாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. காது முன்னும் பின்னும் போய் வந்தது. போரோ வழியெல்லாம் அவள் கழுத்தைத் தடவிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு நடந்தான். நடக்கிற வண்டிக்காரன். அன்றைக்கு அவனைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற வாயெல்லாம் முன்னால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

கீழே சமதரையில், விருந்துக்கு வந்து காத்திருந்த டாக்டர் அரசெலி நீலக் கவுனோடு நடுரோட்டில் மண்டியிட்டாள். காலை நீவினாள். ஊரே குனிந்து பார்த்தது.

"ஐஸ் மாதிரி இருக்கு," என்றாள்.

கைதட்டல் கோயில் மணிக்கூண்டுவரை போயிருக்கும்.

"பூட்டலாமா டொக்தோரா?"

"பூட்டுங்க. ரெண்டு பேர், ஞாபகம் இருக்கா?" டாக்டர் வண்டிக்குள் பார்த்துவிட்டுத் தயங்கினாள்.

"நான் மூணு பேருக்குச் சமம்னு தைரியமா சொல்லும்மா," என்றார் நினாங். "வெனான், உன் வண்டியைக் கொண்டா. உன் குதிரைக்குத்தான் ஓடுற உடம்பாச்சே, இழுக்கட்டும்."

எட்டுப் பேர் சேர்ந்து அவரை மாற்றி ஏற்றினார்கள். இந்த முறை நினாங்கே 'ஒண்ணு, ரெண்டு, மூணு' சொன்னார். வெனானின் குதிரை திரும்பி ஒரு பார்வை பார்த்தது. அந்தப் பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

கனேலாவைப் பூட்டினான். மிண்டாவும் ஜோவென்னும் ஏறினார்கள். போரோ இருக்கையில் உட்கார்ந்து வாரைக் கையில் எடுத்தான். "நட," என்றான். கனேலா ஊருக்குள் நடந்தாள். கல் பாவிய அதே தெரு. நாலு குளம்பும் ஒழுங்காக, ஒன்றுக்குப் பின் ஒன்று. பின்னால் பத்துப் பன்னிரண்டு வண்டிகள். மணமக்கள் வண்டியைத் தாண்டுவது முறையில்லை. மொத்த ஊர்வலமும் அவள் நடைக்கு நடந்தது.

"மனோங்!" பின்னாலிருந்து வெனான். "கொஞ்சம் வேகமா போகக் கூடாதா? நினாங்குக்குப் பசிக்குதாம்!"

போரோ திரும்பவே இல்லை.

மறுநாள் விடிந்ததும் கொட்டகைக்குப் போனான். குனிந்தான். இரண்டு கை, இரண்டு கால். பிடித்தபடியே நெடுநேரம் இருந்தான். பின்னால் காப்பிக் கோப்பையோடு சாரிங் நின்றாள். கேட்கப் பயந்துகொண்டு நின்றாள்.

"என்ன?"

"வண்டியைத் துடைச்சு வை," என்றான். "பிளாசாவுக்குப் போறேன்."

"சவாரிக்கா?"

"சவாரிக்கு."

சாரிங் கோப்பையை அப்படியே தீனித் தொட்டி மேல் வைத்துவிட்டுக் கனேலாவின் முகத்தைக் கட்டிக்கொண்டாள். கனேலா அதற்குள் காப்பியில் மூக்கை விட்டிருந்தாள்.

"ஒல்லியா ரெண்டு பேரா பார்த்து ஏத்து," என்றாள் சாரிங். "கேட்குதா? ஒல்லியா!"